ஊசிக்கு முன் கண்

1917-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் தட்டம்மை பரவியது. ஐரோப்பியப் போர்முனைக்குக் கப்பலேறக் காத்திருந்த இளைஞர்கள் நெருக்கியடித்துக்கொண்டு தங்கியிருந்த இடங்கள் அவை. தட்டம்மையின் பின்னாலேயே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி நுழைந்து நிமோனியாவைக் கொண்டுவந்தது. நிமோனியா கண்டவர்களில் பலருக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ்நீர் சேர்ந்தது. எம்பையீமா என்று அதற்குப் பெயர். என்ன செய்வது என்பதில் ராணுவ மருத்துவர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை. சீழ் எங்கே இருந்தாலும் கீறி வெளியேற்று என்பது ஹிப்போக்ரடிஸ் காலத்திலிருந்து வரும் விதி. விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, மார்பைத் திறந்து, சீழை வடித்தார்கள். தாமதிக்காமல் செய்தார்கள், சுத்தமாகவும் செய்தார்கள். ஆனாலும் நூற்றுக்கு முப்பது பேர் இறந்தார்கள். சில முகாம்களில் அதற்கும் மேல்.

1918-ல் ராணுவம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. எம்பையீமா கமிஷன் என்று வரலாற்றில் பேர் பெற்ற அந்தக் குழுவில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். நோயாளிகளைக் கொல்வது சீழா, அல்லது சீழை எடுக்கும் விதமா என்று அவர் கேட்டார். நாய்களிடம் சோதனை செய்தபோது விடை கிடைத்தது. மார்பின் ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்து நுரையீரல் மட்டும் சுருங்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். உண்மையில், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் உள்ள தடுப்பு இறுக்கமான சுவரல்ல. அது மென்மையானது, அசையக்கூடியது. ஒரு பக்கம் காற்று புகுந்தால் அழுத்த மாற்றம் மறுபக்கத்தையும் தாக்கும். ஏற்கெனவே நிமோனியாவில் மூச்சுக்குத் திணறும் ஒருவனுக்கு இது தாங்காது.

கிரஹாம் குழு சொன்ன மாற்றம் எளிமையானது. நோயின் தொடக்கத்தில் நீர் மெல்லியதாக இருக்கும், நுரையீரலும் மார்புச் சுவரும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்காது. அப்போது மார்பைத் திறக்காதே, ஊசியால் திரும்பத் திரும்ப உறிஞ்சி எடு. சீழ் கெட்டியாகி, சுற்றிலும் திசுக்கள் ஒட்டி, அது தனி அறையாக அடைபட்ட பிறகு திற. கூடவே நோயாளிக்கு நன்றாகச் சாப்பாடு கொடு. வர்ஜீனியாவில் இருந்த கேம்ப் லீ முகாமில் இப்படிச் செய்தபோது இறப்பு நூற்றுக்கு நான்கு சொச்சமாக இறங்கியது. புதிய மருந்து ஏதும் கிடையாது. ஆன்டிபயாடிக் வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. மாறியதெல்லாம் எப்போது திறப்பது, எப்படி எடுப்பது என்பது மட்டுமே. இதே கிரஹாம் 1933-ல் புற்றுநோய் கண்ட நுரையீரல் ஒன்றை முழுமையாக அகற்றி நோயாளியைப் பிழைக்கவைத்தார். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் காட்டிய ஆய்வாளர்களில் ஒருவரும் அவர்தான். நெடுங்காலம் புகைத்தவரான அவரை அதே நோய் 1957-ல் கொண்டுபோனது.

முகாம்களில் அந்த இளைஞர்கள் ஏன் இறந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, நீர் சேரும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய உறை படிந்திருக்கிறது. மார்புக்கூட்டின் உட்புறத்தில் இன்னொன்று. ப்ளூரா எனப்படும் இந்த இரண்டு உறைகளுக்கும் இடையில் 20 மில்லிக்கும் குறைவான ஈரம்தான் இருக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வழுக்கிக்கொண்டு நகரும், ஆனால் பிரித்தெடுக்க முடியாது. ப்ளூராவும் அப்படித்தான். நுரையீரல் தன் மீள்தன்மையால் உள்ளே சுருங்கப் பார்க்கிறது, மார்புக்கூடு வெளியே விரியப் பார்க்கிறது. இந்த இழுபறியால் நடுவில் உள்ள அழுத்தம் இயல்பாக மூச்சுவிடும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுதான் நுரையீரலை விரித்துவைத்திருக்கிறது. வெளிக்காற்றுக்கு ஒரு வழி கிடைத்தால் அது உடனே உள்ளே பாயும்.

அந்த இடத்தில் ஈரம் நாள்தோறும் சுரக்கிறது, நிணநாளங்கள் அதை நாள்தோறும் வடிக்கின்றன. இதயம் சோர்ந்தால், கல்லீரலோ சிறுநீரகமோ பழுதானால், நிமோனியா, காசநோய், புற்றுநோய் வந்தால் வரவும் செலவும் கணக்குத் தப்பி நீர் தேங்குகிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர்கூடச் சேரும். நோயாளியால் மல்லாந்து படுக்க முடியாது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

எல்லோருக்கும் ஊசி தேவையில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இதயச் செயலிழப்பில் இரண்டு பக்கமும் சமமாக நீர் சேர்ந்திருந்து, காய்ச்சலோ நெஞ்சு வலியோ இல்லையென்றால், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையே பெரும்பாலும் அதை வற்றவைத்துவிடும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்காகவே ஊசியை எடுக்கும் அவசரத்தில்தான் பல விபத்துகள் தொடங்குகின்றன.

காற்றை உள்ளே விடாமல் நீரை வெளியே எடுப்பது எப்படி? 1850-ல் பாஸ்டன் பகுதியில் மோரில் வைமன் என்ற மருத்துவர் மெல்லிய குழாயூசியையும் உறிஞ்சு பம்பையும் இணைத்து ஒரு வழி கண்டார். ஹென்றி பௌடிச் என்ற இன்னொரு மருத்துவர் அதை ஊரறியப் பரப்பினார். ஆனால் நாள்கணக்கில் வடிய வேண்டிய சீழுக்கு அது போதவில்லை. அதற்கான விடையை 1870-களில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் கோட்ஹார்ட் ப்யூலாவ் கொடுத்தார். மார்பில் வைத்த குழாயின் மறுமுனையைத் தரையில் இருக்கும் ஒரு பாட்டிலில், தண்ணீருக்கு அடியில் மூழ்கவைத்தார். அவ்வளவுதான். இன்றைக்கும் நம் வார்டுகளில் கட்டிலோரம் இருக்கும் பாட்டிலின் அடிப்படை அதுவே.

இந்தப் பாட்டிலை நின்று பார்க்க வேண்டும். குழாயின் முனை தண்ணீருக்குள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். நோயாளி மூச்சை விடும்போதும் இருமும்போதும் மார்பில் உள்ள நீரும் காற்றும் தள்ளப்பட்டு வெளியேறும். காற்று குமிழிகளாக மேலே வரும். மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைவதால் பாட்டில் தண்ணீர் குழாயில் கொஞ்சம் ஏறும். ஆனால் அந்தத் தண்ணீரே தடுப்பாக நிற்பதால் காற்று திரும்ப உள்ளே போகாது. மூச்சுக்கு மூச்சு இப்படி ஏறி இறங்குவதைத்தான் செவிலியர்கள் ‘ஸ்விங் ஆகுது’ என்பார்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஸ்விங் நின்றுவிட்டால் குழாய் அடைத்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், அல்லது நுரையீரல் முழுதாக விரிந்து இடைவெளி மூடியிருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளாமல் நகரக் கூடாது.

பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது, இடிபடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு யாராவது அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேலோ பக்கத்திலோ வைத்துவிடுவது உண்டு. அந்த நொடியில் பாட்டிலில் உள்ள அழுக்கு நீர் மார்புக்குள் திரும்பப் பாயலாம். உறவினர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனென்றால் பல நேரங்களில் ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தள்ளுவது அவர்கள்தான். காற்றுக் குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைப்பதும் இதே அளவு ஆபத்து. வெளியேற வழியில்லாத காற்று உள்ளேயே பெருகி நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும்.

காற்றின் சிக்கல் இப்படி ஒருவழியாகத் தீர்ந்தது. ஊசி எங்கே போகிறது என்ற சிக்கல் தீர இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

2008 மே மாதம் இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2005 ஜனவரி முதல் 2008 மார்ச் வரை மார்புக் குழாய் போட்டதால் 12 பேர் இறந்ததாகவும் 15 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவும் தங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது என்றது. மருத்துவமனைகள் தாமாக முன்வந்து தெரிவித்தவை மட்டுமே இந்தக் கணக்கில் உள்ளன. காரணங்களைப் படித்தால் மனம் கனக்கிறது. அனுபவமில்லாத இளம் மருத்துவர், பக்கத்தில் மேற்பார்வைக்கு ஆளில்லை. தவறான இடம். நோயாளியைச் சரியாக உட்காரவைக்காதது. எக்ஸ்ரேயைச் சரியாகப் பார்க்காதது. தேவைக்கு மேல் ஆழமாகப் போன கருவி. இவற்றில் ஒன்றுகூடப் புதிய அறிவு வேண்டிய பிழை அல்ல.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2005-ல், அங்கேயே 50 இளம் மருத்துவர்களிடம் மார்புக் குழாயை எங்கே போடுவீர்கள் என்று கேட்டு ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. 45 சதவீதம் பேர் பாதுகாப்பான பகுதிக்கு வெளியே காட்டினார்கள். மிக அதிகமாக நேர்ந்த தவறு, இடத்தைக் கீழே காட்டியது. அதன் விளைவு என்ன என்பதை உடலமைப்பு சொல்லும். மூச்சை முழுதாக விடும்போது உதரவிதானம் மார்புக் காம்பின் மட்டம்வரைகூட ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் விலா எலும்பு இருக்கும் இடமெல்லாம் மார்பு என்றே தோன்றும். ஆனால் கீழ் விலா எலும்புகளுக்குப் பின்னால் வலது பக்கம் கல்லீரலும் இடது பக்கம் மண்ணீரலும் இருக்கின்றன.

பாதுகாப்பான பகுதி என்று பாடநூல்கள் சொல்வது அக்குளுக்குக் கீழே ஒரு முக்கோணம். முன்னால் மார்புத் தசையின் விளிம்பு, பின்னால் முதுகுத் தசையின் விளிம்பு, கீழே ஐந்தாம் விலா இடுக்கின் மட்டம். அங்கே தசை மெலிது, பெரிய உறுப்புகள் தள்ளி இருக்கின்றன. இடம் சரியாக இருந்தாலும் ஊசி விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் நுழைய வேண்டும். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டியும் ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு ஓடுகின்றன. முதுகெலும்புக்கு அருகில் அந்தத் தமனி எலும்பின் மறைவில் ஒதுங்காமல் இடுக்கின் நடுவிலேயே திரியும். வயதானவர்களுக்கு அது வளைந்து நெளிந்தும் போகும். அதனால்தான் முதுகுப் பக்கம் குத்தும்போது முதுகெலும்பிலிருந்து நன்றாக விலகிக் குத்தச் சொல்கிறார்கள்.

ஆழமாகப் போன கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953-ல் ரத்தக் குழாய்களுக்காக ஒரு முறையைக் கண்டுபிடித்தார். முதலில் ஊசி, அதன் வழியே மெல்லிய கம்பி, ஊசியை உருவிவிட்டு அந்தக் கம்பியின்மேல் குழாய். மார்புக்கும் அதுவே வந்தது. கத்தியால் கீறித் தசையைப் பிளப்பதைவிட வலி குறைவு, தழும்பும் சிறியது. ஆனால் குழாய்க்கு வழி அகலப்படுத்த டைலேட்டர் என்ற விறைப்பான கூர்முனைக் கருவியைக் கம்பியின்மேல் செலுத்த வேண்டும். அது மார்புச் சுவரைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் போனால் போதும். கைப்பிடிவரை தள்ளினால் அந்த முனை நுரையீரலையோ இதயத்தையோகூடத் தொட்டுவிடும். முதலில் ஊசியில் நீர் வந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு, டைலேட்டரை விரலால் அந்த அளவில் பிடித்துக்கொள்வது என்ற சின்னப் பழக்கம் இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்கும்.

அதற்கெல்லாம் முன்னால், நீர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1761-ல் வியன்னாவில் லியோபோல்ட் ஔவன்ப்ருக்கர் மார்பைத் தட்டிப் பார்க்கும் முறையை எழுதினார். நீர் உள்ள இடத்தில் தட்டினால் ஓசை மழுங்கும். இதை உறுதிசெய்ய அவர் பிணங்களின் மார்பில் தண்ணீரைச் செலுத்தித் தட்டிப் பார்த்தார். சுமார் ஐம்பது ஆண்டுகள் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1808-ல் கோர்விசார் என்ற மருத்துவர் அவர் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் அவர் பேர் பரவியது. இன்றும் எந்த மருத்துவ மாணவரும் இந்த விரல் தட்டலோடுதான் தொடங்குகிறார், அது அப்படியே தொடர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் ஊசி குத்த அது போதாது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் 30 மருத்துவர்கள் 67 நோயாளிகளைத் தட்டியும் கேட்டும் எக்ஸ்ரே பார்த்தும் குத்தும் இடங்களைக் குறித்தார்கள். பிறகு அல்ட்ராசவுண்டில் சரிபார்த்தபோது குறித்த இடங்களில் 15 சதவீதம் தவறாக இருந்தன. அடியில் இருந்தது நீரல்ல, நுரையீரலோ கல்லீரலோ மண்ணீரலோ.

எக்ஸ்ரேயும் ஏமாற்றும். ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தால் நீர் நிரம்பியிருக்கலாம், அல்லது மூச்சுக்குழல் அடைபட்டு நுரையீரலே சுருங்கியிருக்கலாம். நீர் என்றால் மூச்சுக்குழாயும் இதயமும் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். சுருக்கம் என்றால் அதே பக்கம் இழுக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு பார்வையைத் தவறவிட்டு, நீரே இல்லாத மார்பில் குழாய் போடுவது உலகெங்கும் நடந்திருக்கிறது.

அல்ட்ராசவுண்டில் நீர் கறுப்பாகத் தெரியும். அதன் கீழ் எல்லையில் உதரவிதானம் வெள்ளை வளைவாக ஏறி இறங்கும், அதற்கடியில் கல்லீரலின் சாம்பல் நிறம். கறுப்புக்குள் சுருங்கிய நுரையீரலின் நுனி மூச்சோடு அசையும். நீருக்குள் நூல் நூலாகத் தடுப்புகள் இருந்தால் அவையும் தெரியும். அப்படியானால் ஒரு குழாயில் எல்லாம் வடியாது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 24 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வந்த அறிக்கை ஒன்றில், ஊசியால் நுரையீரல் ஓட்டையாகிக் காற்றுப் புகுவது அல்ட்ராசவுண்ட் இல்லாமல் 9.3 சதவீதமாகவும் அதைப் பயன்படுத்தும்போது 4 சதவீதமாகவும் இருந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி, நீரை எடுக்கும் எல்லாச் செயல்களுக்கும் படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் வேண்டும் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

படுக்கையருகே என்பதுதான் முக்கியம். நோயாளியை ஸ்கேன் அறைக்கு அனுப்பி, அங்கே முதுகில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, வார்டுக்குத் திரும்பி வந்த பிறகு அந்தக் குறியில் குத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது கண்ணால் பார்த்ததாகாது. ஸ்கேன் அறையில் படுத்திருந்தவர் வார்டில் உட்காருவார். நீர் இடம் மாறும், தோல் நகரும், உதரவிதானம் வேறு மட்டத்துக்குப் போகும். எந்த நிலையில் குத்தப்போகிறோமோ அதே நிலையில், குத்தப்போகிறவரே பார்க்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு ஒரு தடையும் இருக்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவுசெய்யப்பட வேண்டும், நினைத்த இடத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது. பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது, அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. அதே நேரம், மார்பைப் பார்க்க மட்டும் பயன்படும் கருவி எல்லா நெஞ்சக நோய் வார்டுகளிலும் தடையின்றி இருப்பதற்கு அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே வழிசெய்ய வேண்டும். செய்ய முடியும் என்றே நம்புகிறேன்.

இனி ஊசி. நோயாளியைக் கட்டிலோரம் உட்காரவைத்து, முன்னால் உள்ள மேசையில் தலையணை போட்டு, அதன்மேல் கைகளை வைத்துக் குனியச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சத்தமாகச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். மரப்பு மருந்தை முதலில் தோலில், பிறகு எலும்பின் மேல், பிறகு ப்ளூராவில் போட வேண்டும். வலி உணரும் நரம்புகள் வெளி ப்ளூராவில் ஏராளம், அங்கே கஞ்சத்தனம் கூடாது. மரப்பு ஊசியை உறிஞ்சிக்கொண்டே உள்ளே செலுத்தும்போது ஓர் இடத்தில் தடை சட்டென்று விடும், சிரிஞ்சில் வைக்கோல் நிற நீர் வரும். வரவில்லையென்றால் அதே இடத்தில் பெரிய ஊசியைப் போடக் கூடாது. நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும்.

நீர் எப்போதும் வைக்கோல் நிறமாக இருப்பதில்லை. ரத்தமாக வரும், சீழாக வரும், நிணநாளம் கிழிந்திருந்தால் பால் போலவே வரும். 1972-ல் ரிச்சர்ட் லைட் வகுத்த அளவுகோல், நீரிலும் ரத்தத்திலும் உள்ள புரதத்தையும் எல்.டி.ஹெச். நொதியையும் ஒப்பிட்டு, ப்ளூராவே நோயுற்றதா அல்லது இதயம் போன்ற வேறிடத்துச் சிக்கலா என்று பிரிக்கிறது. காசநோய் மிகுந்த நம் நாட்டில், இளவயதினர் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் நீர் சேர்ந்திருந்தால் ஏ.டி.ஏ. என்ற நொதியையும் கட்டாயம் பார்ப்பார்கள். லிம்ஃபோசைட் அணுக்கள் மிகுந்த நீரில் அது 40 யூனிட்டுக்கு மேல் இருந்தால் காசநோய்க்கு வலுவான சான்று.

எவ்வளவு எடுப்பது? ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது நெடுநாளைய வழக்கம். பல நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதன் நுண்குழாய்கள் கசிந்து, நுரையீரலுக்குள்ளேயே நீர் கோக்கலாம். அரிதான விளைவுதான், ஆனால் உயிருக்கு உலை வைக்கக்கூடியது. 2007-ல் வெளியான ஆய்வில், ஒரு லிட்டருக்கு மேல் எடுக்கப்பட்ட 185 நோயாளிகளில் ஒருவருக்கு மட்டுமே நோய்க்குறியோடு அது வந்தது. அதனால் இன்றைய போக்கு லிட்டர் கணக்கோடு நோயாளியின் முகத்தையும் பார்ப்பது. நெஞ்சில் இறுக்கம், விடாத இருமல், வலி என்று அவர் சொன்னால் எத்தனை மில்லி வந்திருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். விரிய முடியாமல் இறுகிப்போன நுரையீரல் இருந்தால், நீரை எடுக்க எடுக்க உள்ளே அழுத்தம் அபாயகரமாகக் குறையும், அந்த வலி அதைத்தான் சொல்கிறது. குழாய் போட்டவர்களுக்கு முதலில் ஒன்றரை லிட்டர் வந்ததும் சற்று நேரம் மூடிவைத்துப் பிறகு திறப்பார்கள். காற்றுக் குமிழி வராத, நீர் மட்டும் வரும் குழாய்க்கே இது பொருந்தும்.

நள்ளிரவில் அட்மிஷன் ஆனவருக்கு உடனே நீர் எடுக்கச் சொல்லி உறவினர்கள் நெருக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் மூச்சு உண்மையிலேயே நெருக்கடியில் இல்லையென்றால், ஆக்ஸிஜன் கொடுத்து, அரை உட்கார்ந்த நிலையில் வைத்து, ஸ்கேன் தெரிந்த மருத்துவரும் அனுபவமுள்ள செவிலியரும் இருக்கும் காலை வேளைக்கு ஒத்திப்போடுவதையே வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. டியூட்டி டாக்டர் காத்திருக்கச் சொன்னால் அது அலட்சியம் அல்ல. சீழ் நிரம்பிக் காய்ச்சல் கொதிப்பவருக்கும், மூச்சே முட்டுபவருக்கும் மட்டும் விடியும்வரை பொறுக்க முடியாது. அவர்களுக்காக மூத்த மருத்துவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தயங்கக் கூடாது.

குழாயை எடுப்பதற்கும் முறை உண்டு. ஒரு நாளில் வடியும் நீர் மிகவும் குறைந்திருக்க வேண்டும், குமிழி நின்றிருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்க வேண்டும். எடுக்க இரண்டு பேர் தேவை. ஒருவர் குழாயை உருவுவார், மற்றவர் முன்பே போட்டுவைத்த தையலை அதே நொடியில் இழுத்து முடிச்சிடுவார். மூச்சை வெளியே விட்டு அப்படியே அடக்கி வைத்திருக்கும்படி நோயாளியிடம் சொல்லி, முன்கூட்டியே ஓரிரு முறை செய்துபார்க்கவைக்க வேண்டும். குழாய் வெளிவரும் நேரத்தில் பதறி மூச்சை உள்ளிழுத்தால் அந்தத் துளை வழியாகவே காற்று உள்ளே போய்விடும். சில மணி நேரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் போன பிறகு மறுபடி மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, மறுபரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றைக்கே திரும்பி வர வேண்டும்.